எடை யார் குற்றம்?

கோலகங்சாரில் மாவட்ட அலுவலகத்தின் அருகே முதிய ரப்பர் மரம் ஒன்று நிற்கிறது. 1877ஆம் ஆண்டில் அந்நகரில் நடப்பட்ட முதற் கன்றுகளுள் ஒன்று அது என்று கூறப்படுகிறது. வேலியிட்டுப் பெயர்ப்பலகை வைத்து அதைக் காத்து வருகின்றனர். அந்த மரத்துக்குக் கிடைத்த கவனம், அதன் வழித்தோன்றல்களிடம் தலைமுறை தலைமுறையாகப் பால் எடுத்த மக்களின் உடலுக்குக் கிடைத்ததில்லை. பேராக் மாநிலத்துத் தோட்டங்களை விட்டு வெளியேறிய தமிழரின் உடல் இன்று பெருத்திருக்கிறது. உடலோடு நோயும் பெருகியிருக்கிறது. கண்டவர்கள் உடனே தீர்ப்பு வழங்கிவிடுகின்றனர். வாயைக் கட்டத் தெரியாதவர்கள், சோம்பேறிகள், கட்டுப்பாடு அற்றவர்கள் என்பது அத்தீர்ப்பு. திருமண மண்டபத்தில் அது ஒலிக்கிறது. ஆலயக் கூட்டத்தில் ஒலிக்கிறது. பள்ளியின் ஆசிரியர் அறையிலும் ஒலிக்கிறது. அத்தீர்ப்பு பொய்யானது. பொய்யானது மட்டுமன்று; கொடியதும் ஆகும்.

முதலில் கணக்கைப் பார்க்கலாம். மலேசியச் சுகாதார அமைச்சு சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நாடளாவிய ஆய்வொன்றை நடத்தி வருகிறது. 1996ஆம் ஆண்டில் பெரியவர்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ 21 பேர் மிகை எடையோ உடற்பருமனோ உடையவர்களாக இருந்தனர். 2011இல் அது 44.5 விழுக்காடு; 2015இல் 47.7, 2019இல் 50.1, 2023இல் 54.4. இஃது எல்லா இனத்தாரும் சேர்ந்த கணக்கு. 2019ஆம் ஆண்டு ஆய்வில் இந்தியரை மட்டும் தனியே பிரித்துப் பார்த்தால் 63.9 விழுக்காடு. அதே ஆய்வில் நீரிழிவு நாடு முழுமைக்கும் 18.3 விழுக்காடு, இந்தியரிடையே 31.4 விழுக்காடு. ஏறத்தாழ மூவருக்கு ஒருவர். மக்கள் இனிப்புநீர் என்று சொல்லும் இந்நோய், நாட்டில் புதிதாகச் சிறுநீர்ச் சுத்திகரிப்புக்கு வருவோருள் பாதிக்கும் மேற்பட்டோரை அந்த நிலைக்குத் தள்ளிய நோய். காலை இழந்தவர், கண்ணொளி இழந்தவர், நாற்பத்தைந்து வயதில் மாரடைப்பால் மாண்டவர் என்று சொல்ல ஒருவரேனும் இல்லாத குடும்பம் ஈப்போவின் தமிழ்க் குடியிருப்புகளில் அரிது.

இந்த எண்களே முதற் குற்றச்சாட்டை உடைத்துவிடுகின்றன. கால் நூற்றாண்டுக்குள் ஒரு நாட்டு மக்களின் குணம் கெட்டுப்போகுமா? 1996இல் ஒழுக்கமாக இருந்த மலாய்க்காரரும் சீனரும் இந்தியரும் 2023இல் ஒருசேரப் பெருந்தீனிக்காரராகிவிட்டனர் என்று நம்புவதற்கு இடமுண்டா? மனிதரின் இயல்பு அவ்வளவு விரைவாக மாறுவதில்லை. மாறியது அவர்கள் வாழும் முறை. எல்லாரிடத்தும் மாறிய அது, தோட்டத் தமிழரிடத்தில் மற்றவரைவிடத் திடீரென்றும் முழுமையாகவும் மாறியது. அந்த வரலாற்றை அறியாமல் எடையைப் பற்றிப் பேசுவது, நோயாளியைப் பாராமலே மருந்து எழுதுவதற்கு ஒப்பாகும்.

தோட்டத்தின் நாள் இருளில் தொடங்கியது. பெரட்டில் பெயர் கூப்பிட்டு முடிந்ததும் ஆணும் பெண்ணும் உளியையும் வாளியையும் எடுத்துக்கொண்டு தத்தம் நிரைக்குச் சென்றனர். வெயில் ஏறினால் பாலின் ஓட்டம் குறைந்துவிடும். ஆதலால் விடியற்பொழுதே வெட்டுக்கு உரிய பொழுதாயிற்று. ஒருவருக்கு நாளொன்றுக்கு நானூறு முதல் அறுநூறு மரங்கள். ஒவ்வொரு மரத்தடியிலும் குனிய வேண்டும். பட்டையைச் சீவியபடி சுற்ற வேண்டும். நிமிர்ந்து அடுத்த மரத்துக்கு நடக்க வேண்டும். பால் வடிந்த பின் மீண்டும் அதே மரங்களிடம் சென்று மங்குகளில் உள்ளதைச் சேர்க்க வேண்டும். நிறைந்த காண்டாவாளிகளைத் தோளில் சுமந்து, மேடும் பள்ளமும் கடந்து, பால் நிறுக்கும் கொட்டகைக்கு வர வேண்டும். வீடு திரும்பிய பின்னும் விறகு பிளத்தலும் தண்ணீர் சுமத்தலும் லயத்தின் பின்புறக் காய்கறிப் பாத்தியும் காத்திருந்தன. இவர்கள் உண்ட சோறு சிறிதன்று. கருவாட்டுக் குழம்பும் குவித்த சோறும், குறுகிய பாலும் சீனியும் கலந்த தேநீரும் அவர்கள் உணவு. உண்டதை உழைப்பு எரித்தது. தொப்பை வைக்க அங்கே நேரமில்லை.

இந்த வாழ்க்கை எப்படி முடிந்தது என்பதும் தெரிந்த வரலாறே. 1950களிலும் 1960களிலும் தோட்டத் துண்டாடல் நிகழ்ந்தது. பெரிய தோட்டங்கள் சிறு சிறு துண்டுகளாக விற்கப்பட்டபோது, சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தொழிலாளர் பணத்தைக் கொண்டே தோட்டங்களை வாங்க முனைந்தார். அம்முயற்சி பலரைக் காத்தது. எல்லாரையும் காக்க அதனால் இயலவில்லை. பின்னர் ரப்பர் இருந்த இடத்தில் செம்பனை வந்தது. செம்பனைக்குத் தேவைப்பட்ட ஆள்கள் குறைவு. வீடமைப்பும் தொழிற்பேட்டையும் வந்து எஞ்சிய நிலத்தை எடுத்துக்கொண்டன. 1985இல் அனைத்துலக ஈயச் சந்தை சரிந்தபோது, கிந்தாப் பள்ளத்தாக்கில் தோட்டத்துக்கு வெளியே வேலை தேடியவர்களுக்கு இருந்த மற்றொரு வாயிலும் அடைபட்டது. லயத்தை விட்டவர்கள் ஈப்போவின் ஓரங்களிலும் சுங்கை சிப்புட்டிலும் தெலுக் இந்தானிலும் மலிவு விலை வீடுகளுக்குக் குடிபெயர்ந்தனர். தோட்டம் அவர்களுக்குக் கொடுத்த இழப்பீட்டில் நிலம் இல்லை, கைத்தொழில் இல்லை, புதிய வாழ்வில் உடலை எப்படிப் பேணுவது என்ற அறிவுரையும் இல்லை.

புதிய வேலைகள் எவை? லாரி ஓட்டுதல், பேருந்து ஓட்டுதல், பன்னிரண்டு மணி நேரம் வாயிற்காவலில் உட்காரும் ஜாகா வேலை, தொழிற்சாலையில் இரவும் பகலும் மாறி மாறி வரும் பணி. நானூறு மரங்களைச் சுற்றி வந்த கால்கள் ஒரே இடத்தில் மடிந்தன. இரவுப் பணி முடிந்து காலையில் வருபவனுக்கு உறக்கமும் ஒழுங்காக இல்லை. உணவு வேளையும் ஒழுங்காக இல்லை. பின்புறப் பாத்தி போயிற்று. மாடிவீட்டில் கீரை விதைக்க மண் இல்லை. கையில் உள்ள காசுக்கு வயிற்றை நிறைப்பது எதுவோ அதுவே உணவாயிற்று. காலையில் ரொட்டிச் சானாயும் குறுகிய பால் கலந்த தேநீரும் பசியாறல், நண்பகலில் சோறு, மாலையில் எண்ணெய்ப் பலகாரமும் மறுபடியும் இனிப்புத் தேநீரும். ஈப்போவின் பெருமையாகப் பேசப்படும் வெள்ளைக் காபியும் குறுகிய பாலின் இனிப்பைச் சுமந்து வருவதே. உழைப்பு போயிற்று, உழைப்புக்காக உண்ட உணவு மட்டும் தங்கிவிட்டது. அதன் மேல் இனிப்பும் எண்ணெயும் ஏறின. இதில் குணக்கேடு எங்கே இருக்கிறது?

உட்கார்ந்த வேலை உடலை என்ன செய்யும் என்பதற்கு உலகம் அறிந்த சான்று ஒன்று உண்டு. இலண்டன் மாநகரின் ஈரடுக்குப் பேருந்துகளில் ஓட்டுநர் நாள் முழுதும் அமர்ந்திருப்பார். நடத்துநர் நாள்தோறும் நூற்றுக்கணக்கான படிகளை ஏறி இறங்குவார். இருவரும் ஒரே வகுப்பினர், ஒரே ஊரினர். ஜெர்ரி மாரிஸ் என்னும் மருத்துவ அறிஞர் இவ்விரு பிரிவினரையும் ஒப்பிட்டு 1953இல் தம் முடிவுகளை வெளியிட்டார். நடத்துநரைவிட ஓட்டுநருக்கே இதயநோய் மிகுதி. அது கொல்லும் வேகமும் மிகுதி. 1956இல் அவர் சீருடைகளின் அளவையே சான்றாக எடுத்துக்கொண்டார். ஓட்டுநரின் கால்சட்டை இடுப்பு பெரிதாகத்தான் இருந்தது. ஆயினும் மெலிந்தவர், நடுத்தரமானவர், பருத்தவர் என்று பிரித்து நோக்கியபோதும், ஒவ்வொரு பிரிவிலும் ஓட்டுநரைவிட நடத்துநரே இதயநோயின் திடீர்ச் சாவுக்குக் குறைவாக இரையாயினர். மெலிந்த ஓட்டுநரை மெலிவு காப்பாற்றவில்லை. பருத்த நடத்துநருக்குப் படிகள் துணை நின்றன. அந்த ஓட்டுநரின் இருக்கையில் இன்று அமர்ந்திருப்பவர் சுங்கை சிப்புட்டுப் பால்வெட்டுக்காரரின் மகன். அவரைச் சோம்பேறி என்று சொல்வோர், பன்னிரண்டு மணி நேரம் அந்த இருக்கையில் அமர்ந்து பார்த்தவர்கள் அல்லர்.

பழிப்போர் ஒருபுறம் இருக்க, பழம்பெருமை பேசுவோர் மறுபுறம் இருக்கின்றனர். அந்தக் காலத்துத் தோட்டத்தில் எல்லாரும் கட்டுடலோடு இருந்தனர். நோய் என்பதையே அறியார். பழைய சோறும் வெங்காயமும் அவர்களைக் காத்தன என்பது இவர்கள் பாட்டு. இதுவும் பொய். தோட்டத்து மெலிவில் பாதி உழைப்பின் மெலிவென்றால், மறுபாதி பசியின் மெலிவு, மலேரியாவின் மெலிவு, கொக்கிப்புழு குடித்த குருதியின் மெலிவு. 1942 முதல் 1945 வரையிலான ஜப்பானியர் ஆட்சியில் மரவள்ளிக்கிழங்கே உணவாக இருந்ததை மூத்தோர் சொல்லக் கேட்டவர் பலர். எலும்பு தெரிந்த அந்த உடலை இன்று உடல்நலத்தின் சின்னமாக்குவது, அன்று பட்டினி கிடந்தவர்களுக்குச் செய்யும் அவமதிப்பு. எடைக் கருவி மட்டுமே நீதிபதியானால், பஞ்சத்தில் வாடியவனே உலகில் நலம் மிக்கவன் என்று தீர்ப்பு வரும்.

மேலும், அந்தப் பசிக்கும் இன்றைய நோய்க்கும் உறவு உண்டு. புனே நகரத்து மருத்துவர் சித்தரஞ்சன் யாக்னிக்கும் அவருடைய குழுவினரும் அவ்வட்டாரச் சிற்றூர்களில் பிறந்த குழந்தைகளை இங்கிலாந்தின் சவுதாம்ப்டனில் பிறந்த குழந்தைகளோடு ஒப்பிட்டு 2003இல் எழுதினர். புனேக் குழந்தையின் சராசரி எடை 2.7 கிலோ; சவுதாம்ப்டன் குழந்தையின் எடை 3.5 கிலோ. எடை குறைந்த இந்தியக் குழந்தையின் உடலில் குறைந்திருந்தது பெரும்பாலும் தசை. கொழுப்பு அவ்வளவு குறையவில்லை. 2004இல் யாக்னிக் தம்மையும் ஆங்கிலேய மருத்துவர் ஜான் யுட்கினையும் ஒப்பிட்டுக் காட்டினார். எடையை உயரத்தின் இருமடியால் வகுத்து வரும் உடல் எடைக் குறியெண் இருவருக்கும் ஒன்றே: 22.3. ஆயினும் ஆங்கிலேயரின் உடலில் கொழுப்பு 9.1 விழுக்காடு, இந்தியரின் உடலில் 21.2 விழுக்காடு. தாய் பசியோடிருந்த வயிற்றில் வளர்ந்த உடல், கிடைத்ததைக் கொழுப்பாகச் சேமிக்கப் பழகுகிறது. பின்னர் உணவு பெருகும்போது அந்தச் சேமிப்பே நோயாகிறது என்பது ஆய்வாளர் தரும் விளக்கம். தோட்டத்துப் பசியின் கடனை நகரத்துப் பேரன் வட்டியோடு கட்டுகிறான் என்றால் அது மிகையாகாது.

இதிலிருந்து தமிழர் ஒவ்வொருவரும் அறிய வேண்டிய உண்மை ஒன்று வெளிப்படுகிறது. உலகப் பொது அளவுகோலில் குறியெண் 25 தாண்டினால் மிகை எடை. 30 தாண்டினால் உடற்பருமன். ஆசிய மக்களுக்கு 23இலேயே ஆபத்து தொடங்குகிறது என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு 2004இல் கூறியது, 27.5இல் அது பெரிதாகிறது. இடுப்பின் சுற்றளவு ஆணுக்கு 90 சென்டிமீட்டருக்குள்ளும் பெண்ணுக்கு 80 சென்டிமீட்டருக்குள்ளும் இருத்தல் வேண்டும். கைகால்கள் மெலிந்து வயிறு மட்டும் முன்தள்ளிய தமிழர், தாம் ஒல்லி என்று எண்ணி நிம்மதியாக இருக்கின்றனர். உண்மையில் ஆபத்துக்கு மிக அருகில் நிற்பவர் அவரே. தோலுக்கடியில் உள்ள கொழுப்பைவிட, வயிற்றினுள் கல்லீரலையும் குடலையும் சூழ்ந்த கொழுப்பே இன்சுலினின் வேலையைக் கெடுக்கிறது. எனவே பருத்தவரைப் பார்த்து நகைப்பவர், தம் இடுப்பில் ஓர் அளவுநாடாவை ஓட்டிப் பார்த்த பின் நகைப்பது நல்லது.

மூன்றாவதாக வருவோர் வயதின் மேல் பழி போடுவோர். நாற்பதைத் தாண்டினால் உடம்பு போடத்தான் செய்யும். அது இயற்கை என்று கூறிக் கைகழுவுவோர் இவர்கள். 2021இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வு இந்த நம்பிக்கையை அசைத்துவிட்டது. 29 நாடுகளைச் சேர்ந்த 6,400க்கும் மேற்பட்டோரின் உடல் எரிக்கும் ஆற்றலை அளந்தபோது, உடலின் அளவையும் தசையின் அளவையும் கணக்கில் கொண்டால், இருபது வயது முதல் அறுபது வயது வரை அது ஏறத்தாழ மாறாமலே இருக்கிறது என்று தெரிந்தது. நடு வயதில் அடுப்பு அணைவதில்லை; விறகை அள்ளிப் போடும் வேலை கூடுகிறது; கைகால்களின் வேலை குறைகிறது. பயன்படாத தசை கரைகிறது. மாதவிடாய் நிற்கும் பருவத்தில் பெண்ணுடலில் கொழுப்பு வயிற்றுப் பக்கம் இடம் மாறுகிறது என்பது உண்மை. ஆனால் இடம் மாறுவது இயற்கை என்பதற்காக, நாள் முழுதும் அசையாதிருப்பதும் இயற்கையாகிவிடாது.

நான்காம் சாக்கு பரம்பரை. தந்தைக்கு இனிப்புநீர், தாய்க்கு இனிப்புநீர். ஆகவே மகனுக்கும் வரத்தான் செய்யும் என்று தலைவிதியாக ஏற்றுக்கொள்வோர் பலர். இவர்களுக்குச் சென்னையிலிருந்தே விடை உண்டு. மருத்துவர் அ. இராமச்சந்திரன் தலைமையில் நடந்த இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வின் முடிவுகள் 2006இல் வெளிவந்தன. நீரிழிவின் வாயிலில் நின்ற, 35 முதல் 55 வயது வரையுள்ள 531 பேர் அதில் பங்கேற்றனர். வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களுள் மூன்று ஆண்டுகளில் 55 விழுக்காட்டினர் நீரிழிவுக்கு ஆளாயினர். அன்றாட நடையையும் உணவு ஒழுங்கையும் மேற்கொண்டவர்களுள் ஆளானோர் 39.3 விழுக்காட்டினரே. மருந்து உட்கொண்ட பிரிவிலும் ஏறத்தாழ அதே பயன்தான். அதே பரம்பரை, அதே நாடு, அதே சோறு உண்ணும் மக்கள். இன்னொரு செய்தி இதனினும் முக்கியமானது. நடந்தவர்களின் சராசரி எடை குறையவில்லை. தராசின் முள் அசையவில்லை; நோய் மட்டும் விலகி நின்றது.

தராசு காட்டாத நலம் ஒன்று உண்டு என்பதை இலண்டன் நடத்துநரும் சென்னை நடையரும் ஒருமுகமாகச் சொல்கின்றனர். ஒரு மாதம் நடந்தும் எடை குறையவில்லை என்று சலித்து நடையை நிறுத்துவோர் எத்தனை பேர்! அவர்களுடைய தசை சர்க்கரையை உறிஞ்சக் கற்றுக்கொண்டிருந்தது, இதயம் வலுப்பெற்றுக்கொண்டிருந்தது. எடைக் கருவியை மட்டும் நம்பியதால் அதை அறியாமலே விட்டுவிட்டனர். பதினைந்து நாளில் பத்துக் கிலோ என்று விளம்பரம் செய்து மெலிவு மாவு விற்போர் வாழ்வதும் இந்த மயக்கத்தால்தான். அந்த மாவு இறக்கும் எடையில் தசையும் இருக்கிறது. மாவு தீர்ந்ததும் திரும்பி வரும் எடையில் கொழுப்பே முந்திக்கொள்கிறது.

இதனால் எடைக்கு மதிப்பே இல்லை என்று கொள்வதும் தவறு. ஸ்காட்லாந்திலும் வட இங்கிலாந்திலும் நீரிழிவுடைய 306 பேரிடையே நடந்து 2017இல் வெளிவந்த ஆய்வில், மருத்துவக் கண்காணிப்போடு எடையைக் குறைத்த பிரிவினருள் 46 விழுக்காட்டினருக்கு ஓராண்டில் நீரிழிவு தணிந்து நின்றது. மற்றப் பிரிவில் 4 விழுக்காட்டினருக்கே அந்நிலை வாய்த்தது. மிகை எடை முழங்காலைத் தேய்க்கும். இரத்த அழுத்தத்தை ஏற்றும். உறக்கத்தில் மூச்சைத் தடுக்கும். இதை மறைத்துப் பருமனும் ஓர் அழகு, வசதியின் அடையாளம் என்று புகழ்வோர் நண்பராகார். எடை ஒரு சாட்சி. அதன் வாக்குமூலம் கேட்கத்தக்கது. ஆனால் ஒரே சாட்சியை வைத்துக் குற்றவாளியைத் தேடும் நீதிமன்றம் நீதிமன்றமாகாது.

குற்றம் வேறு; பொறுப்பு வேறு. இந்த வேறுபாட்டைக் காணத் தவறியதே இதுவரை நடந்த பேச்சுகளின் பெருங்குறை. தோட்டம் மூடப்பட்டது தொழிலாளியின் குற்றமன்று. வாயிற்காவல் பன்னிரண்டு மணி நேரமாக இருப்பது அவர் குற்றமன்று. காய்கறியைவிட மாவும் சீனியும் எண்ணெயும் எளிதாய் வயிற்றை நிறைப்பது அவர் குற்றமன்று. ஆயினும் அவர் உடல் அவருடையது. அதைப் பேணும் பொறுப்பில் அவருக்குப் பங்குண்டு. குற்றம் சாட்டினால் மனிதர் ஒளிந்துகொள்வர். பொறுப்பைப் பகிர்ந்துகொண்டால் முன்வருவர். குடிமக்கள் ஒரு ரிங்கிட் செலுத்தி அரசாங்கச் சுகாதார நிலையத்தில் மருத்துவரைக் காணலாம். அப்படியிருந்தும் கால் புண் முற்றும் வரை அந்தப் பக்கமே போகாதவர் பலர். போனால் திட்டுவர் என்ற அச்சமும் அதற்கொரு காரணம். பழிச்சொல் எவரையும் மெலியச் செய்ததில்லை; பலரை மருத்துவரிடமிருந்து விலகச் செய்திருக்கிறது. அதனாலேயே அந்தத் தீர்ப்பு கொடியது என்று முதலில் கூறப்பட்டது.

பொறுப்பின் பெரும்பங்கு சமுதாயத்தின் அமைப்புகளுடையது. ஈப்போவில் தைப்பூசத்தன்று புந்தோங் மகா மாரியம்மன் ஆலயத்திலிருந்து கல்லுமலை முருகன் ஆலயம் வரை ஆயிரக்கணக்கானோர் பாற்குடம் ஏந்தியும் காவடி சுமந்தும் நடக்கின்றனர். நாள் கணக்கில் விரதமிருந்து, உணவைக் குறைத்து, வெறுங்காலோடு நடக்கும் அம்மக்களையா கட்டுப்பாடு அற்றவர்கள் என்பது? கட்டுப்பாடு அவர்களிடம் நிரம்ப இருக்கிறது; அதை ஆண்டு முழுதும் அழைத்துக்கொள்ளும் அமைப்புத்தான் இல்லை. நடக்கும் அவர்களுக்கு வழியெங்கும் தண்ணீர்ப் பந்தலில் சமுதாயம் கொடுப்பது சிவந்த சர்க்கரைப் பாகுநீர். தாகத்துக்குத் தண்ணீரையும் மோரையும் கொடுத்தால் புண்ணியம் குறைந்துவிடாது. ஆலயம் வாரத்தில் ஒருநாள் விடியற்காலை நடைக்கு மணியடித்தால் அதுவும் வழிபாடே. மெங்லெம்புக்கு அருகே கிளேடாங் மலை இருக்கிறது. நகருக்குள் பூங்காக்கள் இருக்கின்றன. ஒற்றை ஆளாய்ப் போகத் தயங்கும் பெண்களைக் கூட்டமாய் அழைத்துச் செல்ல ஒரு மாதர் பிரிவு போதும்.

உணவிலும் அயலாரைப் பார்த்து ஏங்க வேண்டியதில்லை. புந்தோங்கின் கச்சாங் பூத்தே நாடறிந்தது. அந்தக் கடைகளில் அவித்த கொண்டைக்கடலையும் வேர்க்கடலையும் ஒரு பக்கம்; எண்ணெயில் பொரித்த முறுக்கும் பக்கோடாவும் மறுபக்கம். இரண்டும் தமிழர் கைப்பக்குவமே. எந்தப் பக்கம் கை நீள்கிறது என்பதில்தான் வேறுபாடு. திருக்குறளில் மருந்து என்னும் 95ஆம் அதிகாரத்தில், மருத்துவனைப் பற்றிப் பேசுவதற்கு முன் வள்ளுவர் பசியறிந்தும் அளவறிந்தும் உண்ணும் முறையையே பாட்டுக்குப் பாட்டு வற்புறுத்துகிறார். நோய் இன்னதென்று கண்டு, அது தோன்றிய காரணத்தையும் ஆராய வேண்டும் என்று அதன் பின்னரே சொல்கிறார். மேடையில் அந்த அதிகாரத்தை விளக்கி இறங்கியவுடன் ஏழு வகை இனிப்போடு விருந்து வைக்கும் தமிழ் விழாக்கள், வள்ளுவருக்கு மாலையிட்டு அவர் சொல்லைத் தள்ளிவைக்கின்றன.

இனி ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் உரிய பங்கு. தோட்டத்தில் தமிழ்ப்பள்ளி ஆசிரியர் எழுத்தறிவித்தவர் மட்டுமல்லர். கடிதம் படித்துக் காட்டியவர், மனு எழுதிக் கொடுத்தவர், மருந்துச் சீட்டின் பொருள் சொன்னவர் அவரே. தோட்டம் போனது, அந்தத் தேவை போகவில்லை. இரத்தச் சோதனைத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு அதில் உள்ள எண் நல்லதா கெட்டதா என்று அறியாத தாயும் தந்தையும் இன்றும் உள்ளனர். குறியெண் கணக்கிட வகுத்தலும் பெருக்கலும் தெரிந்தால் போதும். நான்காம் ஆண்டு மாணவனால் முடியும். இடுப்பளவு எடுக்க ஒரு நாடா போதும். கணிதப் பாடத்தில் ஒரு நாள் வீட்டாரின் அளவுகளைக் குறித்து வரச் சொன்னால், அந்தக் கணக்கு ஒரு தந்தையின் காலைக் காப்பாற்றக்கூடும். அளவுகளை வகுப்பில் உரக்கப் படித்துப் பருத்த பிள்ளையை நகைப்புக்கு இலக்காக்குவது மட்டும் எந்நாளும் கூடாது. பள்ளிச் சிற்றுண்டிச் சாலையில் என்ன விற்கிறது என்று கேட்கும் உரிமையும் ஆசிரியருக்கும் பெற்றோர் சங்கத்துக்கும் உண்டு.

எழுதுவோருக்கும் இதில் கடன் உண்டு. மலேசியத் தமிழிலக்கியம் பால்மரக் காட்டின் கண்ணீரை நிறையவே எழுதியிருக்கிறது. அட்டை கடித்த காலையும் கொப்புளம் கண்ட தோளையும் பாடிய எழுத்து, அதே காலில் இன்று ஆறாத புண் இருப்பதை அவ்வளவாகப் பாடவில்லை. பசியைப் பாடுவது எளிது. பசிக்குப் பின் வந்த நோயை எழுத மருத்துவமும் பொருளியலும் கற்க வேண்டியிருக்கிறது. கற்க வேண்டும். வாரத்துக்கு 150 நிமிட மிதமான உழைப்பும் இரு நாள் தசைப் பயிற்சியும் வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுவதைத் தமிழில், மக்கள் மொழியில், ஊர்ப்பெயரோடு எழுதுவதும் இலக்கியப் பணியே. பன்னிரண்டு மணி நேரக் காவற்பணிக்கு எதிராகவும், மலிவு விலை வீடுகளின் அருகே நடைபாதையும் காய்கறிப் பாத்திக்கு ஒரு துண்டு நிலமும் கேட்டும் எழுதுவது அதனினும் பெரிய பணி.

மூன்று தலைமுறைக்கு முன் ஒருவர் கப்பலேறி வந்தார். அவர் உடலின் உழைப்பை இந்நாடு எடுத்துக்கொண்டது. அவர் பேரனின் உடலுக்கு உழைக்கும் வாய்ப்பு போயிற்று. உண்ணும் வாய்ப்பு மட்டும் வந்தது. அவனை நிறுத்திவைத்து நீ ஏன் பருத்தாய் என்று கேட்பது அறமன்று. அவன் பக்கத்தில் நின்று, விடியலில் நாலு பேரோடு நடக்க வா என்று அழைப்பதே அறம். தோட்டத்தில் பெரட்டு மணி துரைக்காக அடித்தது. அதைக் கேட்டு எழுந்தவர்கள் பிறர் செல்வத்துக்காக நடந்தனர். இன்று அதே வேளையில் ஒரு மணி அடிக்கட்டும். இம்முறை நடை நடப்பவர் உயிருக்காக இருக்கட்டும்.